கம்பியிலா அட்டையைப் பேச வைத்தல்



மடிக்கணினியில் லினக்ஸ் என்னும் இயங்குதளத்தை முதன்முதலாக நிறுவும் மாணவர் பலருக்கு நேரும் இடர்ப்பாடு ஒன்று உண்டு. திரை ஒளிர்கிறது, விசைப்பலகை வேலை செய்கிறது, ஒலியும் கேட்கிறது. வைஃபை மட்டும் வரவில்லை. அருகிலுள்ள இணைப்புகளின் பெயர்ப் பட்டியல் தோன்ற வேண்டிய இடம் வெறுமையாக இருக்கிறது. சற்று முன்பு வரை விண்டோஸில் நன்றாக இயங்கிய அதே அட்டைதான். அட்டை கெட்டுவிட்டதோ என்று ஒருவர் அஞ்சுகிறார். லினக்ஸ் என்றாலே இப்படித்தான் என்று மற்றொருவர் சலித்துக்கொள்கிறார். இரண்டுமே ஆராயாமல் எடுத்த முடிவுகள். பெரும்பாலும் அட்டையிலும் பழுதில்லை, இயங்குதளத்திலும் பழுதில்லை. இரண்டிற்கும் இடையே பேச்சு நின்றுபோயிருக்கிறது, அவ்வளவே. அப்பேச்சு எவ்விடத்தில் நின்றது என்று கண்டறியும் முறையையே இன்று விளக்க முற்படுகிறேன்.

லினக்ஸைப் பற்றி இரண்டொரு சொற்கள் கூறிவிட்டு மேலே செல்வோம். பின்லாந்து நாட்டில், ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் பயின்றுகொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் மாணவர், 1991ஆம் ஆண்டில், தம் இருபத்தொன்றாம் வயதில் அதன் கருப்பகுதியை எழுதி வெளியிட்டார். அதன் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறருக்கும் வழங்கலாம். அமெரிக்காவில் ரிச்சர்டு ஸ்டால்மன் 1983இல் அறிவித்துத் தொடங்கிய குனு திட்டத்தின் கருவிகள் அக்கருவோடு சேர்ந்தன. இன்று உபுண்டு, டெபியன், ஃபெடோரா எனப் பல பெயர்களில் நாம் பெறுவது இக்கூட்டு உழைப்பின் பயனேயாகும். நம் நாட்டின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' இயங்குதளமும் டெபியனை அடிப்படையாகக் கொண்டதுதான்.

இனி, அட்டையின் இயல்பைக் காண்போம். மடிக்கணினியின் உள்ளே விரல் நீளமே உள்ள சிறு பலகையாக அது பொருத்தப்பட்டிருக்கும். அதிலிருந்து மெல்லிய கம்பிகள் திரையின் ஓரம் வரை சென்று அலைவாங்கிகளாக முடியும். 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்னும் அலைவரிசைகளில் அது செய்தியை அனுப்பவும் பெறவும் செய்கிறது. அச்செய்தி எவ்வடிவில் அமைய வேண்டும் என்பதற்கு 802.11 என்னும் எண்ணுடைய பொது நெறி 1997ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டது. ஒரு நிறுவனத்தின் அட்டை வேறொரு நிறுவனத்தின் நிலையத்தோடு தடையின்றிப் பேசுவது அந்நெறியினால்தான்.

ஆயின், இங்கு ஒரு நுட்பத்தை மனத்தில் கொள்ள வேண்டும். அப்பொது நெறி அட்டைக்கும் வெளியுலகிற்கும் இடையே, காற்றின் வழியாக நடக்கும் பேச்சிற்கே உரியது. அட்டைக்கும் கணினிக்கும் இடையே, உள்ளே நடக்கும் பேச்சிற்கு அத்தகைய பொது இலக்கணம் இல்லை. "அலைவரிசையை மாற்று", "இச்செய்தியை அனுப்பு", "வந்ததைக் கொடு" என்று கணினி கட்டளையிடும் விதம் நிறுவனத்திற்கு நிறுவனம், ஏன், ஒரே நிறுவனத்தின் அட்டைக்கு அட்டையுமே வேறுபடுகிறது. நம் இடர்ப்பாட்டின் வேர் இங்கேதான் இருக்கிறது.

இவ்வேறுபாட்டைக் கடப்பதற்கு இரண்டு பொருள்கள் தேவை. ஒன்று இயக்கி, மற்றொன்று நிலைபொருள். இயக்கி என்பது இயங்குதளத்தின் பக்கத்தில் நின்று, அட்டையின் மொழியறிந்து பேசும் துபாஷியைப் போன்றது. நிலைபொருள் என்பது அட்டையின் உள்ளேயே இருக்கும் சிறு செயலிக்குரிய நிரல். முற்காலத்து அட்டைகள் சில அந்நிரலைத் தம்முள் நிலையாகப் பதித்து வைத்திருந்தன. பிற்காலத்தில் வந்தவை பல அவ்வாறு வைத்திருப்பதில்லை. கணினியை ஏற்றும்போதெல்லாம் அந்நிரலைக் கோப்பு வடிவில் இயக்கி எடுத்துக் கொடுக்க வேண்டும். துபாஷி வந்து நின்றும், கொடுக்க வேண்டிய கோப்பு கைவசம் இல்லையென்றால், அட்டை மௌனமாகவே இருக்கும்.

இவ்விரண்டும் லினக்ஸில் ஏன் சில வேளைகளில் இல்லாமற் போகின்றன? அட்டையைச் செய்யும் நிறுவனம் விண்டோஸுக்கு உரிய இயக்கியைத் தானே எழுதிக் கொடுத்துவிடும். லினக்ஸுக்கும் எழுத வேண்டுமானால், நிறுவனமே எழுத வேண்டும். அல்லது அட்டையின் மொழியைப் பிறர் அறியுமாறு விவரங்களை வெளியிட வேண்டும். இரண்டும் செய்யாத நிறுவனங்களும் இருந்தன. பிராட்காம் நிறுவனத்தின் வரலாறு இதற்குத் தக்க சான்று. அதன் அட்டைகள் எண்ணற்ற மடிக்கணினிகளில் இருந்தும், பல ஆண்டுகள் வரை அவற்றின் மொழி வெளியாருக்குத் தெரிவிக்கப்படவில்லை.

அப்போது தன்னார்வலர் சிலர் மேற்கொண்ட முறை மாணவர் அறியத் தக்கது. அவர்கள் இரண்டு குழுவாகப் பிரிந்தனர். ஒரு குழுவினர், நிறுவனத்தின் இயக்கி அட்டையோடு பேசுவதைக் கூர்ந்து ஆராய்ந்து, "இந்த அட்டைக்கு இன்னவாறு கட்டளையிட வேண்டும்" என்று விவரக்குறிப்பு எழுதினர். மற்றொரு குழுவினர் நிறுவனத்தின் நிரலைக் கண்ணாலும் பாராமல், அக்குறிப்பை மட்டுமே கொண்டு புதிய இயக்கியை எழுதினர். பிறர் எழுதியதைப் படியெடுத்தார்கள் என்னும் பழி நேராதிருக்க இவ்வளவு கட்டுப்பாடு! அவ்வாறு பிறந்த இயக்கி 2006ஆம் ஆண்டில் லினக்ஸ் கருவின் 2.6.17ஆம் பதிப்பில் இடம்பெற்றது. அதன் வழிவந்ததே பி43 என்னும் இயக்கி. 2010 செப்டம்பரில் பிராட்காம் நிறுவனமே தன் புதிய அட்டைகள் சிலவற்றிற்குத் திறந்த மூலநிரல் கொண்ட இயக்கியை வெளியிட்டது.

நிலைபொருளைப் பொறுத்தவரை வேறொரு தடை இருந்தது. அதன் மூலநிரல் பெரும்பாலும் வெளியிடப்படுவதில்லை. திறந்த நிரலையே வழங்குவது என்னும் கொள்கையுடைய டெபியன் போன்ற அமைப்புகள், அத்தகைய கோப்புகளைத் தம் நிறுவல் வட்டில் சேர்க்காமல் வேறாக வைத்திருந்தன. கொள்கை உயர்ந்தது, ஆனால் வைஃபை இல்லாமல் அக்கோப்பைப் பெறுவது எப்படி என்று மாணவர் திகைத்தனர். 2022இல் டெபியன் உறுப்பினர் இதுபற்றி வாக்களித்து, அக்கோப்புகளையும் நிறுவல் வட்டில் சேர்க்க முடிவு செய்தனர். 2023 ஜூனில் வெளிவந்த டெபியன் 12 முதல் அவ்வாறே நடைபெறுகிறது. எனவே, இன்றைய நிறுவல்களில் இத்தொல்லை பெரிதும் குறைந்துவிட்டது. எனினும், பழைய மடிக்கணினியை வைத்துக்கொண்டிருப்போரும், நேற்று வெளிவந்த மிகப் புதிய அட்டையை வாங்கியோரும் இதை இன்றும் சந்திக்கிறார்கள்.

அவர்கள் செய்ய வேண்டுவது என்ன? நான்கு கேள்விகளை ஒழுங்காகக் கேட்க வேண்டும்.

முதற் கேள்வி: அட்டை இருப்பது கணினிக்குத் தெரிகிறதா? இதற்கு டெர்மினல் என்னும் கட்டளைச் சாளரத்தைத் திறக்க வேண்டும். கருந்திரையைக் கண்டு மருள வேண்டாம். அரண்டவன் கண்ணுக்குத்தான் இருண்டதெல்லாம் பேய். அங்கே எல், எஸ், பி, சி, ஐ என்னும் ஐந்து ஆங்கில எழுத்துகளைச் சிறிய வடிவில் சேர்த்து எழுதி, இடம்விட்டு, ஒரு சிறு கோடிட்டு, என், என், கே என்று எழுதி அனுப்புங்கள். கணினியின் உள்ளே இருக்கும் உறுப்புகளின் பட்டியல் வரும். கம்பியிலா அட்டைக்குரிய வரியின் இறுதியில், சதுர அடைப்புக்குள், இரண்டு எண்கள் முக்காற்புள்ளியால் பிரிக்கப்பட்டு நிற்கும். முன்னது நிறுவனத்தின் எண். பின்னது அட்டையின் எண். இன்டெல் நிறுவனத்தின் எண் 8086. 1978இல் அது வெளியிட்ட புகழ்பெற்ற செயலியின் பெயரும் அதுவே. அட்டையின் மேலுறையில் எப்பெயர் அச்சிட்டிருந்தாலும், இவ்விரண்டு எண்களே அதன் உண்மையான முகவரி. அவற்றை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். வெளியே செருகும் அட்டையாயின் பி, சி, ஐ என்பதற்குப் பதிலாக யு, எஸ், பி என்று மாற்றி, பின்னுள்ள கோடும் எழுத்துகளும் இன்றி அனுப்பினால் அதன் எண் தெரியும்.

இரண்டாம் கேள்வி: இயக்கி வந்து சேர்ந்ததா? அதே பட்டியலில் அட்டையின் வரிக்குக் கீழே, எந்த இயக்கி பயன்பாட்டில் உள்ளது என்று காட்டும் வரி இருக்கும். அவ்வரியே இல்லையெனில், துபாஷி வரவில்லை என்று பொருள். மிகப் புதிய அட்டையாயின், அதற்குரிய இயக்கி லினக்ஸ் கருவின் பிந்திய பதிப்பில்தான் இருக்கக்கூடும். கருவைப் புதுப்பித்தலே அதற்கு மருந்து.

மூன்றாம் கேள்வி: நிலைபொருள் கிடைத்ததா? டி, எம், இ, எஸ், ஜி என்னும் ஐந்தெழுத்துக் கட்டளை, கணினி விழித்தது முதல் கரு எழுதி வைத்த நாட்குறிப்பைக் காட்டும். சில அமைப்புகளில் இதற்கு நிர்வாகி உரிமை வேண்டும். நிலைபொருள் இல்லையென்றால், இன்ன பெயருடைய கோப்பைத் தேடினேன், கிடைக்கவில்லை என்று அதில் எழுதியிருக்கும். குறையையும் சொல்லி, குறை தீர்க்கும் பொருளின் பெயரையும் சொல்லுகின்ற இவ்வரியைப் படியாமலே கடையை நாடி ஓடுவோர் எத்தனை பேர்!

நான்காம் கேள்வி: வாயில் அடைபட்டிருக்கிறதா? ஆர், எஃப், கே, ஐ, எல், எல் என்னும் கட்டளை இதைத் தெரிவிக்கும். அடைப்பு இரு வகைப்படும். மென்பொருள் செய்த அடைப்பைக் கட்டளையாலேயே நீக்கலாம். மடிக்கணினியின் பக்கத்திலுள்ள பொத்தானோ விசையோ செய்த அடைப்பைக் கையால்தான் நீக்க வேண்டும். இது மிக எளிதாகையால், இக்கேள்வியை முதலிலேயே கேட்டாலும் தவறில்லை.

இம்முறை பயன்பட்ட ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறேன். எங்கள் தெருவில் கல்லூரி மாணவி ஒருத்தி, பிறர் பயன்படுத்திய மடிக்கணினி ஒன்றைச் சிறு தொகைக்கு வாங்கி, அதில் லினக்ஸை நிறுவினாள். வைஃபை வரவில்லை. பழுது பார்க்கும் கடையில் அட்டை போய்விட்டது என்றும், புதிதாகப் போட வேண்டும் என்றும் கூறிவிட்டார்கள். அவள் தந்தையார் நாட்கூலி பெறுபவர். அவர் சொன்ன தொகை, கணினியின் விலையில் பாதி. அவள் அக்கணினியை என்னிடம் கொண்டுவந்தாள். நான்கு கேள்விகளையும் அவளையே கேட்கச் சொன்னேன். முதற் கேள்விக்கு, பிராட்காம் 4312 என்று விடை வந்தது. அட்டையின் எண் 4315. இரண்டாம் கேள்விக்கு, பி43 இயக்கி வந்து காத்திருப்பதாக விடை. மூன்றாம் கேள்வியில் உண்மை வெளிப்பட்டது: நிலைபொருள் கோப்பு இல்லை. அவளுடைய கைப்பேசியை யு.எஸ்.பி. வடத்தால் இணைத்து, அதன் இணையத்தைக் கணினிக்குப் பகிர்ந்தோம். அவ்வட்டைக்குரிய நிறுவித் தொகுப்பை அவள் கட்டளையிட்டுப் பெற்றாள். அத்தொகுப்பு, நிறுவனத்தின் பழைய இயக்கியை வரவழைத்து, அதற்குள்ளிருந்து நிலைபொருளை மட்டும் பிரித்தெடுத்து உரிய இடத்தில் வைத்தது. கணினியை அணைத்து மீண்டும் ஏற்றினாள். இணைப்புகளின் பட்டியல் திரையில் தோன்றிற்று. ஒரு மணி நேரம் ஆயிற்று. ஒரு காசும் செலவாகவில்லை.

கடைக்காரர் பொய் சொன்னார் என்று நான் கருதவில்லை. பேசாததை இறந்தது என்று அவர் எண்ணிவிட்டார். அந்த ஒரு பிழையினால் ஓர் ஏழைக் குடும்பம் பல நாள் கூலியை இழக்கவிருந்தது. ஆராய்ச்சி முறை என்பது ஆய்வுக்கூடத்திற்கு மட்டும் உரியதன்று என்று நான் வற்புறுத்துவது இதனாலேதான்.

முடிவாகச் சில அறிவுரைகள். பழைய மடிக்கணினி வாங்குவதாயின், விலை பேசுமுன், லினக்ஸ் ஏற்றிய யு.எஸ்.பி. சேமிப்பான் ஒன்றைக் கொண்டு சென்று, நிறுவாமலே அதனை இயக்கிப் பாருங்கள்; வைஃபை வருகிறதா இல்லையா என்பது அங்கேயே விளங்கிவிடும். எவரோ சொன்னார் என்பதற்காகப் பொருள் அறியாத கட்டளையை நிர்வாகி உரிமையோடு இடாதீர்கள். ஒவ்வொரு சொல்லும் என்ன செய்யும் என்று கேட்டறிந்த பின் இடுங்கள். குறை தீர்ந்தவுடன், அட்டையின் இரு எண்களையும், வந்த செய்தியையும், செய்த பரிகாரத்தையும் நல்ல தமிழில் எழுதி வையுங்கள். முகமறியாத எவரெவரோ அவ்வாறு எழுதி வைத்ததனால்தான் அந்த மாணவியின் கணினி அன்று பேசிற்று. அதே அட்டையை வைத்துக்கொண்டு வேறோர் ஊரில் திகைத்து நிற்கும் மாணவனுக்கு உங்கள் குறிப்பு உதவட்டும்.