மஞ்சள் விளக்கும் முறிந்த கம்பியும்

ஞாயிறு காலை ஐ.என்.ஏ. மார்க்கெட் பக்கம் எட்டிப் பார்க்காத தில்லித் தமிழர் குறைவு. வாழைப்பூவும் முருங்கைக்காயும் பையை நிறைக்க வெளியே வந்தால், வாடகைக் காரோடு காத்திருந்த நம்மூர் டிரைவரின் முகம் வாடியிருந்தது. டாஷ்போர்டில் சறுக்கும் கார் படம் போட்ட மஞ்சள் விளக்கு அணையவே இல்லை.

"பிரேக் யூனிட்டையே மாற்றணும்னு ஒர்க்‌ஷாப்பில் சொல்றாங்க, சார். ஊருக்கு அனுப்ப வைத்திருக்கிற பணம் அதோட சரி" என்றார்.

அது வண்டி சறுக்காமல் காக்கும் ஏற்பாட்டின் விளக்கு. பாஷ், மெர்சிடஸ் நிறுவனங்கள் 1995-இல் கொண்டுவந்த இந்த வசதி, இன்று சாதாரணக் கார்களிலும் வந்துவிட்டது. நான்கு சக்கரங்களிலும் வேகம் காட்டும் சென்சார்கள். ஸ்டியரிங் எவ்வளவு திரும்பியது என்பதற்கு ஒன்று. வண்டி உண்மையில் எவ்வளவு திரும்புகிறது என்பதற்கு ஒன்று. கணக்கு ஒத்துப்போகாவிட்டால், தேவையான சக்கரத்துக்கு மட்டும் தானே பிரேக் பிடிக்கும். ஒரு சென்சார் பேசாவிட்டாலும் ஏற்பாடு ஒதுங்கிக்கொள்ளும். சாதாரண பிரேக் இருக்கும். ஆனால் மழையில் சறுக்கினால் துணை இல்லை. ஏ.பி.எஸ். விளக்கும் எரிந்தால் அதுவும் இல்லை.

அனுபவமுள்ள ஆட்டோ எலெக்ட்ரீஷியன் ஒருவரிடம் போனோம். ஸ்கேனரை மாட்டினார். 'முன் இடது சக்கர சென்சார் சர்க்யூட்' என்று வந்தது. "சர்க்யூட் என்றால் சென்சார்தான் என்று அர்த்தமில்லை; ஒயரும் கனெக்டரும் சேர்த்துத்தான்" என்றார். வண்டியை மெதுவாக ஓட்டச் சொன்னார். மூன்று சக்கரங்கள் ஒரே வேகம் காட்ட, நான்காவது பூஜ்யம்!

கனெக்டரில் பச்சைக் களிம்பு இல்லை. எலி கடித்த தடமும் இல்லை. ஒயரின் இரு முனைகளையும் கழற்றி, மீட்டரை வைத்து, சக்கரத்தருகே வளைத்துப் பார்த்தார். வளைக்கும்போதெல்லாம் தொடர்பு அறுந்தது. மேலுறை கெடாமலே உள்ளே செம்புக் கம்பி முறிந்திருந்தது! வளையும் இடத்தில் ஒட்டுப் போட்டால் மறுபடி முறியும் என்று, அந்தத் துண்டு ஒயரையே மாற்றினார். விளக்கு அணைந்தது. செலவு, எங்கள் காய்கறிச் செலவைவிடச் சற்றே அதிகம்.

வண்டியோட்டிப் பிழைக்கும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை: விளக்கு எரிந்தால் அலட்சியமும் வேண்டாம், அவசரமும் வேண்டாம். "எந்தக் கோடு வந்தது? ஒயரைச் சோதித்தீர்களா?" என்று கேட்ட பிறகே பர்ஸைத் திறங்கள்.