வீட்டுக்கு ஒரு குடம், ஆறு ரயில் தண்ணீர்

2019 ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து ஐம்பது வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீரோடு முதல் ரயில் சென்னையின் வில்லிவாக்கத்துக்கு வந்து சேர்ந்தது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என்று சென்னை அப்போது பெரிதும் நம்பியிருந்த நான்கு ஏரிகளும் அதற்குள் ஏறக்குறைய வற்றிவிட்டன. நாளொன்றுக்கு 83 கோடி லிட்டராக இருந்த குழாய் விநியோகம் 52.5 கோடியாக இறங்கியிருந்தது. பத்து லட்சம் வீடுகள் நாளுக்கு ஒரு பிளாஸ்டிக் குடம், அதாவது 15 லிட்டர், மிச்சம் பிடித்தால் அது ஒன்றரைக் கோடி லிட்டர். அந்த ரயிலைப் போல ஆறு ரயில், அதுவும் தினமும்.

அந்தக் குடத்தைக் குடிக்கிற தண்ணீரில் தேட வேண்டியதில்லை. குடிக்கவும் சமைக்கவும் செலவாவது கொஞ்சம்தான். வீட்டுத் தண்ணீரில் பெரும்பங்கு கழிவறையிலும் குளியலறையிலும் துவைக்கிற இடத்திலும் போகிறது. பழைய ஃப்ளஷ் தொட்டி ஒருமுறை அழுத்தினால் பத்து லிட்டர் வரை கொட்டிவிடும். ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி இறுக மூடி, மிதவையில் இடிக்காதபடி தொட்டிக்குள் ஓரமாக நிறுத்திவிடுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரு லிட்டர் குறையும். நான்கு பேர் இருக்கும் வீட்டில் நாளுக்குப் பதினைந்து முறையாவது அழுத்துவோம். தேடிய குடம் அங்கேயே கிடைத்துவிட்டது.

அதே தொட்டியில் சத்தமில்லாமல் ஒழுகுவதுதான் இன்னும் மோசம். படுக்கப் போகுமுன் கொஞ்சம் காபி டிகாஷனைத் தொட்டிக்குள் ஊற்றிவிட்டு அரை மணி நேரம் ஃப்ளஷ் செய்யாமல் விடுங்கள். கீழே பீங்கானில் பழுப்பு நிறம் இறங்கினால் அடியிலுள்ள ரப்பர் வாஷர் தேய்ந்துவிட்டது என்று பொருள். மாற்றச் செலவு அதிகமாகாது. மாற்றாமல் விட்டால் இரவு பகலாகப் போய்க்கொண்டே இருக்கும். குழாய்களுக்கு ஏரேட்டர் என்ற சின்ன சல்லடை மூடி ஹார்டுவேர் கடையில் கிடைக்கிறது. காற்றைக் கலந்து விடுவதால் பாத்திரம் கழுவுகையில் பாதித் தண்ணீரிலேயே வேலை முடியும்.

தட்டுப்பாட்டுக் காலத்தில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம் என்று நேரம் வைத்துத் தண்ணீர் விடுவதுண்டு. நல்ல எண்ணத்தில் செய்வதுதான். ஆனால் நடப்பது வேறு. எங்கே தீர்ந்துவிடுமோ என்ற பயத்தில் வாளி, அண்டா, டிரம் என்று கண்ணில் பட்டதையெல்லாம் நிரப்பி வைக்கிறோம். மறுநாள் புதுத் தண்ணீர் வந்ததும் நேற்றையதைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு மறுபடி பிடிக்கிறோம். மூடி வைத்த தண்ணீர் ஒரே நாளில் கெட்டுவிடாது. குடிக்க மனமில்லையென்றால் துவைக்கவோ கழிவறைக்கோ எடுக்கலாமே. மூடாமல் வைப்பதுதான் ஆபத்து. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தேங்கிய நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டை பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்த பிறகும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். அதனால் வாரம் ஒருமுறை டிரம்மைத் தேங்காய் நார் கொண்டு அழுத்தித் தேய்த்துக் கழுவுவது அவசியம்.

ஒருமுறை பயன்பட்ட தண்ணீருக்கு இன்னொரு வேலை கொடுப்பது அடுத்த படி. அரிசி, காய்கறி கழுவியது செடிக்கு. வாஷிங் மெஷினின் கடைசி அலசல் தண்ணீரை, குழாயை வாளியில் விட்டுப் பிடித்தால் கழிவறைக்கு ஆகும். சோப்புத் தண்ணீரை மட்டும் ஒரு நாளுக்கு மேல் வைக்காதீர்கள், நாறிவிடும். ஆர்.ஓ. கருவி வெளியே தள்ளும் தண்ணீரில் உப்பு அதிகம். தரை துடைக்க நல்லது, தொட்டிச் செடிக்கு வேண்டாம்.

இந்த யோசனைகளை யாரிடம் சொல்வது என்பதிலும் நியாயம் பார்க்க வேண்டும். டோக்கன் வாங்கி, லாரிக்கு முன்னால் குடங்களை வரிசை வைத்து, மாடிப்படி ஏறிச் சுமக்கிற பெண்ணுக்குச் சிக்கனப் பாடம் தேவையில்லை. ஒவ்வொரு குடத்தின் கனமும் அவர் இடுப்புக்குத் தெரியும். மாற வேண்டியது அளவே தெரியாமல் குழாயைத் திறக்கிற வீடுகள்தான். பல குடியிருப்புகளில் லாரித் தண்ணீர்ச் செலவை எல்லா வீடுகளுக்கும் சமமாகவோ சதுர அடிக் கணக்கிலோ பிரித்துவிடுகிறார்கள். தனியாக இருக்கும் முதியவரும் ஷவரில் அரை மணி நேரம் நிற்கும் குடும்பமும் ஒரே தொகை கட்டினால் யாருக்குச் சிக்கனம் தோன்றும்? வீட்டுக்கு வீடு மீட்டர் வைப்பது கொஞ்சம் செலவுதான். ஆனால் ஒரு குடியிருப்போர் சங்கம் எடுக்கக்கூடிய முடிவுகளில் இதைவிடப் பயனுள்ளது எதுவும் எனக்குத் தெரியவில்லை.

மிச்சம் பிடிப்பதோடு மழையையும் சேர்த்து வைக்க வேண்டும். மழைநீர் சேகரிப்பு 2003 முதல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம். ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 930 லிட்டர், அதாவது அறுபது குடத்துக்கும் மேல். ஆனால் மழைநீர் மண்ணுக்குள் இறங்க அன்று தோண்டிய குழிகள் பல இன்று சேறு அடைத்துக் கிடக்கின்றன. வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் வலுக்கும் என்பதால் புரட்டாசிக்குள் குழியின் மூடியைத் தூக்கிப் பாருங்கள். மேலே படிந்த வண்டலை அள்ளி, ஜல்லியைக் கழுவிப் போட்டு, இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றுங்கள். சட்டென்று உள்ளே இறங்கினால் குழி வேலை செய்கிறது. தேங்கி நின்றால் மணலையும் மாற்ற வேண்டும்.