ஓடிப் பார்க்காமல் வாங்கிய மக்லாரன்



இந்தக் கிழமை எபிசோட்டில், கேம்களுக்குள் காசு எப்படிப் புழங்குது என்று கதைத்தோம். நேரம் போதாமல் நான் பாதியில் விட்ட கதை ஒன்று இருக்கு. கொஞ்சம் வெட்கமான கதைதான், ஆனாலும் எழுதுறன்.

கிரான் டூரிஸ்மோ 7 விளையாடுற ஆக்களுக்கு அதில் இருக்கிற 'லெஜண்ட் கார்ஸ்' கடையைத் தெரியும். பழைய, அபூர்வமான கார்கள் சில நாட்களுக்கு மட்டும் அங்க வந்து நிற்கும். முதலில் 'கொஞ்சம்தான் மிச்சம்' என்று அடையாளம் விழும், பிறகு 'விற்றுத் தீர்ந்தது' என்று வரும். அந்த அடையாளத்தைக் கண்டதும் எனக்கு மூளை வேலை செய்யாது.

ஒருநாள் அங்க மக்லாரன் எஃப்1 வந்தது. விலை 18.5 மில்லியன் கிரெடிட். என்னிடம் இருந்தது ஒரு மில்லியன்கூட இல்லை.

கணக்குப் போட்டேன். லு மான் ஓட்டத்திடலில் நடக்கிற 30 நிமிடப் பந்தயத்தில் முதலாவதாக வந்து, ஒருவரையும் இடிக்காமல் ஓடினால் 825,000 கிரெடிட் கிடைக்கும். அப்படி 23 தடவை ஓட வேண்டும். பதினொன்றரை மணித்தியாலம்! உண்மையான காசு குடுத்து வாங்கலாம் என்றால், 2 மில்லியன் கிரெடிட் 19.99 அமெரிக்க டொலர். அந்த ஒரு காருக்கு கிட்டத்தட்ட 200 டொலர் போகும். கேமின் விலையே அவ்வளவு இல்லை.

காசு குடுக்கேல்ல. அதுக்குப் பதிலாக இரவுகளைக் குடுத்தேன். வேலையால் வந்து, சாப்பிட்டு, லு மான். அடுத்த நாளும் லு மான். தங்கச்சி வந்து "அண்ணா, ரெண்டு பேரும் ஒரு ரேஸ் ஓடுவமா?" என்று கேட்பாள். "நாளைக்கு ஓடுவம்" என்று சொல்லுவேன். மூன்றாவது கிழமையில் அவள் கேட்கிறதை விட்டிட்டாள். அதை நான் அப்போது கவனிக்கவே இல்லை.

கடைசியில் வாங்கினேன். கராஜில் நிறுத்தி, சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தேன். பிறகு ஜப்பானின் சுகுபா ஓட்டத்திடலுக்குக் கொண்டுபோனேன். முதல் கொண்டை வளைவில் அக்சிலரேட்டரைக் கொஞ்சம் அழுத்தினேன். கார் அப்படியே திரும்பி, வந்த பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றது. அடுத்த சுற்றிலும் அதே கதை.

கேமில் பிழை இல்லை. உண்மையான மக்லாரன் எஃப்1 அப்படிப்பட்ட கார்தான். கோர்டன் மரே வடிவமைத்தது. 627 குதிரைத்திறன், எடை 1,140 கிலோ அளவில். ஏபிஎஸ் இல்லை, ட்ராக்ஷன் கண்ட்ரோல் இல்லை, பவர் ஸ்டியரிங்கும் இல்லை. 1998இல் மணிக்கு 386 கிலோமீற்றர் வேகம் தொட்ட கார் அது. நேர்ப் பாதையில் ராஜா. ஆனால் ரேஸ் கார்களைப் போல வளைவில் நிலத்தோடு அழுத்திப் பிடிக்கிற பெரிய சிறகு அதில் கிடையாது. கேமில் ட்ராக்ஷன் கண்ட்ரோலைப் போட்டு ஓடலாம்தான். போட்டால் மூச்சுத் திணறின மாதிரி இழுக்கும்.

அப்ப ஏன் அந்த விலை? அந்தக் கடையின் விலைகள், பழைய கார்களுக்கு மதிப்புப் போடுகிற ஹேகர்ட்டி நிறுவனத்தோடு சேர்ந்து உருவானவை. மக்லாரன் எஃப்1 மொத்தமாக 106 தான் செய்தார்கள். 2021 ஓகஸ்டில் கலிபோர்னியாவில் ஒன்று 20 மில்லியன் டொலருக்கு மேல் ஏலம் போனது. ஆக, கேமில் நாங்கள் குடுக்கிறது அபூர்வத்துக்கான விலை. ஓடுகிற சுகத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை.

இதை விளங்கிக்கொண்டால் மற்ற ஏமாற்றங்களும் விளங்கும். ஜாகுவார் எக்ஸ்ஜே13ஐப் பாருங்கோ. கேமில் அப்போது 12 மில்லியன். லு மானுக்காக 1960களில் செய்த கார், செய்தது ஒன்றே ஒன்று. ஒரு பந்தயத்தில்கூட ஓடினதில்லை. 1971இல் படப்பிடிப்பின்போது விபத்துக்குள்ளாகி, பிறகு திருப்பிக் கட்டினார்கள். என்ர சிநேகிதன் ஒருவன் அதை வாங்கினான். இரண்டு தரம் ஓடினான், இப்போது கராஜில் நிற்கிறது. அசல் கார் ஒரு அருங்காட்சியகத்தில் நிற்கிற மாதிரி!

புகாட்டி வெய்ரோன் வேறு வகை. 16 சிலிண்டர், நான்கு டர்போ, 1,000 குதிரைத்திறன். எடையும் 1,888 கிலோ. நேர்ப் பாதையில் பறக்கும். வளைவு வந்தால் பிரேக்கை முன்கூட்டியே பிடிக்கவேணும், இல்லாவிட்டால் நேராகப் புல்லுக்குள்தான்.

அப்பாவுக்கு இந்தக் கதையைச் சொன்னேன். அவர் வாழ்க்கையில் வாங்கினது எல்லாம் பழைய கார்கள். விலை கதைக்க முதல் ஒரு சுற்று ஓடுவார், ரேடியோவை நிறுத்தி எஞ்சின் சத்தம் கேட்பார், வெறும் றோட்டில் ஒருக்கா சடாரென்று பிரேக் அடிப்பார். அவர் கேட்டது ஒரே கேள்வி: "ஓடிப் பாக்காமலோ வாங்கினனீ?"

ஓம். லெஜண்ட் கடையில் ஓடிப் பார்க்க வழி இல்லை. ஆனால் கொஞ்சம் பொறுத்திருந்தால் வேறு வழி இருந்தது. என்னைப் போல மாட்டாமல் இருக்க மூன்று விஷயம் சொல்றன்:

முதலாவது, "இந்தக் காரை எந்தப் பந்தயத்தில் ஓடப்போறன்?" என்று கேளுங்கோ. பதில் இல்லாவிட்டால் அது படம் எடுக்கிற கார். அதுவும் ஆசைதான், பிழை இல்லை. தெரிஞ்சு வாங்குங்கோ.

இரண்டாவது, ஒன்லைன் டைம் ட்ரையல்களில் சில கார்களை இரவலாக ஓட விடுவார்கள். அதுதான் உங்கட இலவச டெஸ்ட் ட்ரைவ். தவற விடாதேங்கோ.

மூன்றாவது, 'விற்றுத் தீர்ந்தது' என்றால் முடிஞ்சுது என்று அர்த்தம் இல்லை. அந்தக் கார் பிறகு திரும்ப வரும். அவசரப்படுத்துகிறது அந்த அடையாளம் மட்டும்தான்.

போன சனிக்கிழமை நானே தங்கச்சியிடம் போய், "ஒரு ரேஸ் ஓடுவமா?" என்று கேட்டேன். அவள் எடுத்தது மஸ்டா டெமியோ. கேம் தொடங்கும்போது முதலில் வாங்கச் சொல்லுகிற மூன்று சின்னக் கார்களில் ஒன்று. நல்ல டயர் போட்டு, எடையைக் குறைத்து, இத்தனை நாளும் அதையேதான் ஓடியிருக்கிறாள். நான் மக்லாரனில். அதே சுகுபா, ஐந்து சுற்று.

நேர்ப் பாதையில் நான் முந்துவேன். வளைவில் நான் சுழலுவேன், அவள் பக்கத்தால் போவாள். மூன்றாவது தரம் சுழன்றபோது கேட்டாள்: "அண்ணா, உங்கட கார் எந்தப் பக்கம் போகுது?"

ஒரு செக்கன் வித்தியாசத்தில் தோற்றேன். பிறகு மக்லாரனைக் கராஜில் விட்டிட்டு ஒரு ஹொண்டா ஃபிட் எடுத்தேன். விடிய ஒரு மணி வரைக்கும் ஓடினோம். அந்தப் பதினொன்றரை மணித்தியாலத்தில் இப்படி எத்தனை ரேஸ் ஓடியிருக்கலாம் என்று கணக்குப் பார்க்க எனக்கு மனம் வரேல்ல.

நீங்கள் ஆசைப்பட்டு வாங்கி ஏமாந்த கார் எது? இந்த மின்னஞ்சலுக்கே பதில் போடுங்கோ. நல்ல கதைகளை அடுத்த எபிசோட்டில் வாசிக்கிறோம். என்னைவிடப் பெரிய தொகை விட்ட ஆக்கள் இருந்தால் கட்டாயம் எழுதுங்கோ, எனக்கு ஆறுதலாக இருக்கும்.