வழி கேட்டேன், விலை சொன்னார்கள்!

பட்டுக்கோட்டைக்கு வழி கேட்டால் கொட்டைப்பாக்கு விலை சொல்வார்கள் என்று ஒரு பழமொழி உண்டு. பாட்டி சொல்லக் கேட்டு நாம் எல்லோரும் சிரித்திருக்கிறோம்.

பழமொழி பொய் இல்லை. நானே அனுபவித்தேன்!

பட்டுக்கோட்டை பஸ் நிலையத்தில் இறங்கினேன். பக்கத்தில் ஒரு டீக்கடை. நாலைந்து பேர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

"பேராவூரணி பஸ் எங்கே நிற்கும்?" என்று கேட்டேன்.

"2 கோடியே 26 லட்சம்!" என்றார் ஒருவர்.

திடுக்கிட்டுப் போனேன். பிறகுதான் தெரிந்தது, அவர் எனக்குப் பதில் சொல்லவில்லை. எதிரே இருந்தவருடன் சண்டை போட்டுக் கொண்டிருந்தார். அது கொட்டைப்பாக்கின் விலை அல்ல. ஒரு மனிதரின் விலை! கபடி ஆட்டக்காரர் பவன் செராவத்தை 2022-ம் ஆண்டு "தமிழ் தலைவாஸ்" அணி ஏலத்தில் எடுத்த விலை அது.

பஸ் போனால் போகட்டும் என்று நானும் ஒரு டீ சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

சடுகுடு மண்

கிரிக்கெட்டுக்காக எந்த ஊர் டீக்கடையிலும் சண்டை நடக்கும். தஞ்சைச் சீமையில் கபடிக்காகவும் நடக்கிறது. அறுவடை முடிந்த வயலும் தென்னந்தோப்பு நிழலும்தான் இங்கே பையன்களுக்கு ஆடுகளம். கோடு கிழித்து, கட்சி பிரித்து, மூச்சை அடக்கிப் பாடிப் போவார்கள். தாத்தா காலத்தில் அதற்குப் பெயர் சடுகுடு. இன்று கபடி.

இந்தச் சடுகுடு 1990-ம் ஆண்டு பீக்கிங் நகரில் ஆசிய விளையாட்டுப் போட்டியில் இடம் பெற்றது. 2014-ல் "புரோ கபடி" என்ற பெயரில் 8 அணிகளுடன் பெரிய போட்டி ஆரம்பமானது. 2017-ல் அணிகள் 12 ஆயின. அப்போது பிறந்ததுதான் தமிழ் தலைவாஸ். ஆட்டக்காரர்களை ஏலம் போட்டு எடுக்கிறார்கள். யாரை எடுப்பது, யாரை விடுவது, யாரை உள்ளே இறக்குவது, யாரை வெளியே உட்கார வைப்பது? டீக்கடையில் நடந்த வழக்கு இதுதான்.

வழக்காடியவர்களைச் சொல்லிவிடுகிறேன். ஒருவர் தேங்காய் மண்டியில் கணக்கு எழுதுபவர். ஒருவர் ஆட்டோ ஓட்டும் இளைஞர். இன்னொருவர் அறுபது வயதுக்காரர். இளமையில் ஆடியவர் என்பதை முழங்கால் தழும்பே சொல்லியது. மூலையில் ஒருவர் வாய் திறக்காமல் கேட்டுக் கொண்டிருந்தார்.

பெரிய விலை, பெரிய ஏமாற்றம்

"பெரிய ஆளாக வாங்கிப் போட்டால்தான் மாமா கப்பு வரும்" என்றார் ஆட்டோக்காரர்.

கணக்கர் விடுவாரா? "2019-ல் வைத்திருந்தோமே மாப்ளே! அஜய் தாக்கூர், ராகுல் சவுத்ரி, மன்ஜீத் சில்லார். மூன்று பேரும் மலை! 12 அணியில் நமக்கு எத்தனையாவது இடம்? பன்னிரண்டாவது!"

கடை முழுதும் சிரிப்பு. ஆட்டோக்காரர் மட்டும் சிரிக்கவில்லை.

"சரி, 2022-ஐப் பார். 2 கோடியே 26 லட்சம் கொடுத்துப் பவனை எடுத்தோம். முதல் ஆட்டத்திலேயே முழங்கால் போயிற்று. அதோடு அந்த வருஷம் அவருக்கு முடிந்தது. நாமும் முடிந்தோம் என்றுதானே நினைத்தோம்?"

அங்கேதான் அதிசயம் நடந்தது. நரேந்தர் என்ற இளைஞருக்கு அது முதல் ஆண்டு. அவர் பாடிப் போய் 243 புள்ளிகள் எடுத்தார். இளம் பிடிகாரர்கள் தோள் கொடுத்தார்கள். தமிழ் தலைவாஸ் முதல் தடவையாக அரையிறுதிக்குப் போனது. அங்கே புனே அணியிடம் 37-க்கு 39 என்று தோற்றது. இரண்டே புள்ளி!

"அந்த இரண்டு புள்ளிக்குப் பவன் இருந்திருந்தால்?" என்றார் ஆட்டோக்காரர்.

"பவன் இருந்திருந்தால் நரேந்தரை நமக்குத் தெரிந்திருக்குமா?" என்றார் கணக்கர்.

இதற்கு இருவரிடமும் பதில் இல்லை. நாலு வருஷமாக இதே இடத்தில்தான் இந்தப் பேச்சு நிற்குமாம். டீ ஆற்றுகிறவர் சொன்னார்.

செத்தவனை எழுப்புவது யார்?

அறுபது வயதுக்காரர் அதுவரை பேசவில்லை. டீயைக் குடித்து முடித்துவிட்டு ஆரம்பித்தார். அவர் சொன்னதை வாசகர்கள் கவனமாகப் படிக்க வேண்டும். கபடியின் சூட்சுமம் அதில் இருக்கிறது.

களத்தில் ஒரு கட்சிக்கு 7 பேர். வெளியே மாற்று ஆட்டக்காரர்கள் 5 பேர் வரை. பாடிப் போகிறவர் 30 விநாடிக்குள் எதிரியைத் தொட்டுத் திரும்ப வேண்டும். பிடிபட்டால் அவர் அவுட். வெளியே போய் உட்கார வேண்டியதுதான். தன் கட்சி எதிராளியை அவுட் ஆக்கினால்தான் வெளியே இருப்பவர் ஒருவர் உள்ளே வர முடியும். பழைய ஆட்டக்காரர்கள் அவுட் ஆவதைச் "செத்தான்" என்றும், திரும்பி வருவதை "எழுந்தான்" என்றும் சொல்வார்கள்.

"யோசித்துப் பாருங்கள் தம்பி. 2 கோடி கொடுத்து வாங்கியவன் செத்துவிட்டான். வெளியே சும்மா உட்கார்ந்திருக்கிறான். அவனை எழுப்பப் போகிறவன் யார்? ஓரத்தில் நின்று காலைப் பிடிக்கிறானே, பேர் தெரியாத பையன், அவன்தான்! அவன் சரியில்லை என்றால் கோடி ரூபாயும் வெளியேதான் உட்கார்ந்திருக்கும்."

எனக்குச் சட்டென்று விளங்கியது. அதனால்தான் இவர்கள் ஏழாவது ஆளுக்கும், அவனுக்குப் பின்னால் காத்திருக்கும் எட்டாவது ஆளுக்கும் இப்படி அடித்துக் கொள்கிறார்கள்! எட்டாவது ஆள் முதல் பெயர் வைத்துப் பேசாமல், "இரண்டாம் பந்தி" என்றே சொல்கிறார்கள். கல்யாண வீட்டில் முதல் பந்தி எழுந்த பிறகுதானே இரண்டாம் பந்திக்கு இலை விழும்? சில சமயம் அதற்குள் பாயசம் தீர்ந்து போகும்.

பெயர் தமிழ், ஆள் யார்?

சண்டை சூடு பிடித்தது அடுத்த கேள்வியில்தான். பெயரில் தமிழ் இருக்கிறது. களத்தில் இறங்கும் ஏழு பேரில் தமிழ்ப் பையன் எத்தனை பேர்? பல ஆட்டங்களில் அரியானாக்காரர்களே அதிகம்.

"நம் ஊரில் ஆளா இல்லை?" என்று கணக்கர் மேஜையைத் தட்டினார். ஆள் இருக்கிறது என்பதற்குச் சாட்சி பக்கத்திலேயே உண்டு. மன்னார்குடிக்கும் தஞ்சாவூருக்கும் நடுவில் இருக்கும் வடுவூர் கபடிக்குப் பேர் போன ஊர். 2025 அக்டோபரில் பக்ரைன் நாட்டில் ஆசிய இளைஞர் விளையாட்டு நடந்தது. இந்தியப் பையன்கள் ஈரானை 35-க்கு 32 என்று வென்று தங்கம் வாங்கினார்கள். அந்த அணியில் ஆடிய அபினேஷ் வடுவூர்ப் பிள்ளை! தமிழக அரசு அவருக்கு 25 லட்சம் ரூபாய் பரிசு கொடுத்தது.

அதைவிடப் பெரிய சாட்சி தர்மராஜ் சேரலாதன். தஞ்சை மாவட்டம் திருச்சனம்பூண்டியில் 1975-ல் பிறந்தவர். 2016-ல் பாட்னா அணிக்குத் தலைவராக இருந்து கோப்பை வாங்கிக் கொடுத்தார். அதே ஆண்டு உலகக் கோப்பை வென்ற இந்திய அணியிலும் இருந்தார். புனேக்கு ஆடினார். மும்பைக்கு ஆடினார். அரியானாவுக்கே தலைவராக இருந்தார்! 46 வயதில் ஜெய்ப்பூருக்கு ஆடினார். வடநாட்டுப் பையன்கள் எல்லோரும் அவரை "அண்ணா" என்றுதான் கூப்பிட்டார்கள்.

புரோ கபடியில் அவர் ஒரு நாளாவது தமிழ் தலைவாசுக்கு ஆட்டக்காரராக இறங்கினாரா? இல்லை. 2024-ல்தான் வந்தார், பயிற்சி கொடுப்பவர்களில் ஒருவராக!

"எனக்கு இது ஆறவே ஆறாது" என்றார் கணக்கர்.

"மாமா, அதே கணக்கைத் திருப்பிப் போடுங்கள். பாட்னாக்காரன் 'இவன் எங்கள் ஊர்க்காரனா?' என்று கேட்டிருந்தால் சேரலாதன் கோப்பை வாங்கியிருப்பாரா?" என்றார் ஆட்டோக்காரர்.

இளைஞராக இருந்தாலும் அடி சரியான அடி! கணக்கர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு சேலம் மாவட்டத்துப் பிரபஞ்சனை இழுத்தார். பிரபஞ்சன் 2017-ல் நம் அணியில் இருந்தார். விட்டுவிட்டோம். 2019-ல் வங்காள அணி கோப்பை வென்றபோது அந்த அணியில் அவர் இருந்தார், நாமோ பன்னிரண்டாவது! 2021-ல் திரும்ப வாங்கினோம். "கையில் இருக்கும்போது அருமை தெரியாது. வெளியே போனால் விலை ஏறும்" என்றார்.

ஒரு சாபக் கதை

ஆளை விற்பது, மாற்றுவது என்றவுடன் எனக்கு ஓர் அமெரிக்கக் கதை நினைவுக்கு வந்தது. அங்கே பேஸ்பால் என்று ஓர் ஆட்டம். ஆளுக்கு ஆள் பண்டமாற்றுப் போல மாற்றிக் கொள்வது அங்கே சகஜம். 1920 பிறந்த சமயம் பாஸ்டன் அணி தன்னிடமிருந்த பேப் ரூத் என்ற வீரரை நியூயார்க் அணிக்கு 1 லட்சம் டாலருக்கு விற்றது. அதற்கு முன் பாஸ்டன் கோப்பை வாங்கியது 1918-ல். மறுபடி வாங்கியது எப்போது தெரியுமா? 2004-ல்! 86 வருஷம்! "ரூத் விட்ட சாபம்" என்று அந்த ஊர் ரசிகர்கள் சொல்லிச் சொல்லி மாய்ந்தார்கள்.

கதையைச் சொன்னேன். "86 வருஷமா? நமக்கு இப்போதுதானே ஆரம்பம்" என்றார் டீ ஆற்றுகிறவர். சபை கலகலத்தது.

அவர் சொன்னதும் வேடிக்கைக்கு மட்டும் அல்ல. 2024-ல் சச்சின் தன்வர் என்பவருக்கு 2 கோடியே 15 லட்சம் கொடுத்தார்கள். அந்த ஆண்டு அடுத்த சுற்றுக்குப் போகவில்லை. 2025-ல் அர்ஜுன் தேஷ்வாலை 1 கோடியே 40 லட்சத்து 50 ஆயிரத்துக்கும், பழைய பவனையே 59 லட்சத்து 50 ஆயிரத்துக்கும் எடுத்தார்கள். பருவத்தின் நடுவிலேயே பவன் அணியை விட்டு வீட்டுக்குப் போனார். ஒழுங்கு நடவடிக்கை என்றது அணி. தன் மேல் தவறில்லை என்றார் அவர். அந்த ஆண்டும் அடுத்த சுற்று இல்லை. கோப்பை டெல்லிக்குப் போனது.

பேசாதிருந்தவர்

மூலையில் இருந்தவர் அப்போதுதான் எழுந்தார். டீக்குக் காசு கொடுத்தார்.

"என்ன அண்ணே, கிளம்பிவிட்டீர்களா? இன்று ராத்திரிப் பையன் ஆடுகிறானா?" என்று ஆட்டோக்காரர் கேட்டார்.

பக்கத்துக் கிராமத்தில் அன்று மின்னொளிக் கபடிப் போட்டி. அவர் மகன் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறான். ஊர்ப் பையன்கள் அணியில் இருக்கிறான்.

"ஏழில் இல்லை தம்பி. வெளியேதான். மூன்று போட்டியாக அப்படித்தான்."

"பிறகு எதற்கு அவ்வளவு தூரம் போகிறீர்கள்?" என்று நான் கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"அவன் உட்கார்ந்திருப்பானே, சார்" என்றார்.

பேராவூரணி பஸ்ஸை மறந்தேன். ஆட்டோவில் எல்லோரும் போனோம்.

திடலில் ஊரே கூடியிருந்தது. பெண்கள் ஒரு பக்கம் பாய் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். வேர்க்கடலை வண்டிக்காரருக்கு நல்ல வியாபாரம். பையன் ஓரத்தில், பனியனுக்கு மேல் சட்டை போட்டுக்கொண்டு குந்தியிருந்தான். முதல் பாதி முடிந்தது. சட்டையைக் கழற்றவில்லை. இரண்டாம் பாதியில் இடது ஓரத்தில் நின்றவனுக்குக் கணுக்கால் பிசகியது. கைகாட்டிக் கூப்பிட்டார்கள். பையன் சட்டையைக் கழற்றித் தகப்பனார் பக்கம் எறிந்துவிட்டு ஓடினான்.

போன வேகத்தில் அவசரப்பட்டுப் பாய்ந்தான். எதிரி ஒரே தாவாகத் தாவிக் கோட்டைத் தாண்டினான். பையன் அவுட்! "ஐயோ!" என்றது கூட்டம். வெளியே வந்து, தலையைக் குனிந்து உட்கார்ந்தான். தகப்பனார் ஒன்றும் பேசவில்லை. ஒரு நிமிஷத்தில் அவன் கட்சி ஒருவனைப் பிடித்தது. பையன் எழுந்தான். அடுத்த தடவை பொறுத்து நின்றான். பாடி வந்தவன் காலை நீட்டிய சமயம் பார்த்துக் கணுக்காலைப் பிடித்தான். விடவே இல்லை. மற்றவர்கள் வந்து விழுந்தார்கள்.

ஆனாலும் ஆட்டத்தில் அவன் அணி 3 புள்ளியில் தோற்றது.

அந்தப் பையனை இறக்கியது சரியா, தவறா? பட்டுக்கோட்டை திரும்பும் வரை ஆட்டோவில் இதே சண்டை. முதல் தடவை பாய்ந்ததில் போனதுதான் அந்த 3 புள்ளிக்குக் காரணம் என்றார் ஆட்டோக்காரர். முதல் பாதியிலேயே இறக்கியிருந்தால் அந்தப் பதற்றமே இருந்திருக்காது என்றார் கணக்கர். அறுபது வயதுக்காரர் இருட்டில் தன் முழங்காலைத் தடவிக்கொண்டே, "பிடித்தது வலது கை. பார்த்தீர்களா? இடது ஓரத்தில் நிற்கிறவன் வலது கையால் பிடிக்கிறான்!" என்று மூன்று முறை சொன்னார்.

தகப்பனார் எங்களோடு திரும்பவில்லை. பையன் குளித்து வரட்டும் என்று, அவன் சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு அடிபம்புப் பக்கம் நின்றுவிட்டார்.