மைதா இல்லாமல் எழும்பும் கேக்... தெரியுமா?

மைதா ஒரு சிட்டிகை கிடையாது. வெண்ணெய் கிடையாது. எண்ணெய், பால், பேக்கிங் பவுடர் எதுவுமே கிடையாது! ஆனாலும் ஓவனுக்குள் பொன்னிறமாக எழும்பி வரும் ஒரு கேக் இருக்கிறது, தெரியுமா? ஸ்பெயினின் வடமேற்கு மூலையில், கலீசியாவில் பிறந்த ‘தார்த்தா தே சந்தியாகோ’தான் அது. பாதாம், சர்க்கரை, முட்டை... மூன்றே பொருள்! வாசனைக்கு எலுமிச்சைத் தோல் துருவல்; சிலர் கொஞ்சம் பட்டைத்தூளும் சேர்ப்பார்கள்.

பேரில் இருக்கும் சந்தியாகோ யார் தெரியுமா? இராமேசுவரம் பக்கத்துத் தங்கச்சிமடத்தில் சந்தியாகப்பர் என்று வணங்கப்படும் அதே புனிதர்! அவர் கல்லறை இருப்பதாக நம்பப்படும் சந்தியாகோ தே கொம்போஸ்தெலா பேராலயத்துக்கு, பிரான்ஸிலிருந்து ஏறக்குறைய 800 கி.மீ. நடந்தே வருகிறவர்கள் உண்டு. அந்த ஊர்க் கடைகளில் எங்கு பார்த்தாலும் இந்தக் கேக்தான்.

அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் 1577-லேயே பாதாம் கேக் பரிமாறியதற்குக் குறிப்பு இருக்கிறது. ஆனால் கேக்கின் மேல் வெள்ளைச் சர்க்கரைக்கு நடுவே தெரியும் வாள் வடிவச் சிலுவை? அது 1924-ல்தான் வந்தது! ‘காசா மோரா’ என்ற கடை தொடங்கிவைத்த அலங்காரம் அது. 2010-ல் ஐரோப்பிய ஒன்றியம் இதற்குப் புவிசார் குறியீடு கொடுத்தது. எடையில் 33 சதவீதமாவது பாதாம் இருக்க வேண்டும் என்பது விதி.

சரி, மாவே இல்லாமல் எப்படி எழும்புகிறது? எல்லாம் முட்டையின் வேலை! முட்டையையும் சர்க்கரையையும் வெளுத்து நுரைக்கும்வரை அடிக்கும்போது உள்ளே காற்று சிக்கிக்கொள்கிறது. சூட்டில் காற்று விரிய, முட்டையின் புரதம் இறுகி அதை அப்படியே தாங்கிப் பிடிக்கிறது. வெண்ணெய் ஏன் வேண்டாம் தெரியுமா? பாதாமின் எடையில் ஏறக்குறைய பாதி கொழுப்பு!

வீட்டிலேயே செய்யலாம். பாதாம் 250 கிராம், சர்க்கரை 250 கிராம், முட்டை 5. பாதாமை ஊறவைத்துத் தோலுரித்தால், ஈரம் சுத்தமாகப் போகும்வரை உலர்த்துங்கள். மிக்சியை ஒரேயடியாக ஓட்டினால் எண்ணெய் விட்டுக்கொள்ளும். விட்டு விட்டுச் சுற்றுங்கள், ரவை போல வரட்டும். அடித்த முட்டையில் பொடியையும் துருவலையும் மெதுவாகக் கலந்து, பட்டர் பேப்பர் விரித்த வட்டத் தட்டில் ஊற்றுங்கள். 175 டிகிரியில் 35 நிமிடம் கழித்துக் குச்சியால் குத்திப் பாருங்கள், ஒட்டாவிட்டால் வெந்துவிட்டது. காகிதச் சிலுவையை நடுவில் வைத்து, பொடித்த சர்க்கரையைச் சலித்துத் தூவி, காகிதத்தை எடுத்தால், அடடா! ஆனால் கேக் முழுக்க ஆறிய பிறகுதான். சூட்டில் தூவினால் சர்க்கரை உருகி மறைந்துவிடும்.

கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், முதல் துண்டை அவர்களுக்கே கொடுங்கள்!