கடல் மேலே, நிலம் கீழே
ஹாலந்து – மேற்கு ஃப்ரீஸ்லாந்து சுவர் வரைபடம்
ஆம்ஸ்டர்டாம், 17-ஆம் நூற்றாண்டு

இதில் மேற்பக்கம் வடக்கு அல்ல, மேற்கு. அதனால்தான் வட கடல் உச்சியில் விரிகிறது.

நில அளவையாளர் பால்தசார் ஃப்ளோரிஸ் ஃபான் பெர்க்கென்ரோட 1620-ஐ ஒட்டி இதை உருவாக்கினார். வெளியிட்டவர் வில்லெம் பிளாவ். செப்புத் தகட்டில் இடவலம் மாற்றிச் செதுக்கி, கோடுகளில் மை நிரப்பித் தாளில் அழுத்தி எடுத்தார்கள். தாள்களை ஒன்றோடொன்று ஒட்டிச் சுவரில் மாட்டினார்கள். புகையும் வெயிலும் ஈரமும் பட்டு இத்தகைய பெரிய வரைபடங்களில் பெரும்பாலானவை அழிந்துபோயின.

ஆனால் ஓவியர் வெர்மீர் இதை ஆழ்ந்து பார்த்திருக்கிறார். அவருடைய ‘அதிகாரியும் சிரிக்கும் பெண்ணும்’ ஓவியத்தின் பின்சுவரில் தொங்குவது இதே வரைபடம். கடலில் மிதக்கும் கப்பல்களைக்கூட அவர் விட்டுவிடவில்லை. அங்கே நீலமாகத் தெரிவது கடல் அல்ல, நிலம்.