உதிர்ந்த கொம்பைத் தேடும் நாய்

மாட்டுக்கும் ஆட்டுக்கும் முளைத்த கொம்பு சாகும்வரை தலையில் இருக்கும். வெளிமானுக்கும் அப்படித்தான். புள்ளிமான், மிளா, அமெரிக்காவின் வெண்வால் மான், எல்க் மான் ஆகியவற்றின் கிளைக்கொம்பு வேறு வகை. அது முழுக்க எலும்பு. ஆண்டுதோறும் விழுந்து மறுபடி வளரும். வளரும் பருவத்தில் எல்க் கொம்பு ஒரே நாளில் 2 சென்டிமீட்டர்கூட நீளும்.

இணைசேரும் பருவம் முடிந்ததும் ஆண் மானின் உடலில் டெஸ்டோஸ்டிரோன் சரிகிறது. கொம்பும் மண்டையோடும் சேரும் இடத்தில் எலும்பைக் கரைக்கும் செல்கள் வேலையைத் தொடங்குகின்றன. மரத்தில் முட்டியும் அசையாத கொம்பு, பிறகு ஒரு வேலியைத் தாண்டும் அதிர்ச்சியிலேயே கழன்று விழுந்துவிடும். வெண்வால் மானுக்கு இது பெரும்பாலும் ஜனவரி முதல் மார்ச் வரை நடக்கும்; எல்க்குக்கு மார்ச், ஏப்ரல்.

அமெரிக்காவில் இந்தக் கொம்புகளைத் தேடிப் பொறுக்குவது பலருக்குப் பொழுதுபோக்கு, சிலருக்கு வருமானம். கத்திப்பிடியும் சரவிளக்கும் செய்ய வாங்குகிறார்கள். தேடுவதற்கு நாய்களையும் பழக்குகிறார்கள். நம் நாட்டில் இதற்கு இடமில்லை. 1972ஆம் ஆண்டின் வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டம் இருப்பதால், முதுமலையில் தானாக உதிர்ந்து கிடக்கும் கொம்பைக்கூட எடுத்து வரக்கூடாது. அது சரியான ஏற்பாடு என்றே நினைக்கிறேன். உதிர்ந்தது எது, கொன்று எடுத்தது எது என்று சந்தையில் யார் பிரித்துப் பார்ப்பது? இங்கே 2008 முதல், வனவுயிரின வணிகத்தைக் கண்காணிக்கும் டிராஃபிக் அமைப்பின் முயற்சியில் பழக்கப்படும் மோப்ப நாய்கள் புலித்தோலையும் எலும்பையும் தேடுவது கடத்தல்காரர்களைப் பிடிப்பதற்காக.

பழுப்பு நிறக் கொம்பு காய்ந்த புல்லுக்குள் கிடந்தால், பக்கத்தில் நடப்பவர் கண்ணிலும் படாது. நாயின் மூக்குக்கு அந்தத் தடை இல்லை. மனிதருக்கு மோப்ப ஏற்பிகள் சுமார் 50 லட்சம் என்றால், நாய்க்கு 20 கோடிக்கும் மேல். மோப்பம் பிடிக்கும்போது நொடிக்கு ஐந்து முறை காற்றை உறிஞ்சுகிறது. வெளிவிடும் காற்று மூக்கின் பக்கவாட்டுப் பிளவு வழியே போய்விடுவதால், முன்னால் இருக்கும் வாசனை கலைவதில்லை.

பயிற்சி ரப்பர் கொம்போடு தொடங்குகிறது. நிஜக் கொம்பின் முனை கூர்மையானது. ஆசையாக ஓடிவந்து கவ்வும் குட்டியின் ஈறில் ஒருமுறை குத்திவிட்டால், பிறகு கொம்பைக் கண்டாலே ஒதுங்கிவிடும். கதவுகளைச் சாத்திய குறுகலான இடத்தில் வீசினால் குட்டிக்கு வேறெங்கும் ஓட வழியில்லை. கவ்வியதோடு நம்மிடமே வரும். வந்ததும் பாராட்டும் தின்பண்டமும் தர வேண்டும். கொம்பைக் கடித்து விளையாட விடவே கூடாது. அப்படிப் பழகிய நாய் காட்டிலும் கொம்போடு படுத்துக் கடிக்க ஆரம்பித்துவிடும். பல்லுக்கும் கேடு: கொம்பைக் கடித்து மேல்தாடைக் கடைவாய்ப்பல் பிளந்த நாய்கள் கால்நடை மருத்துவர்களுக்குப் புதிதல்ல.

அடுத்தது கண்ணுக்கான பாடம். வெட்டிய புல்தரையில் கொம்பை நிமிர்த்தி வைத்தால், தூரத்திலிருந்தே அதன் வடிவத்தை நாய் அடையாளம் காணும். பிறகு படுக்க வைக்கிறார்கள், அதன்பின் உயரமான புல்லுக்குள் ஒளிக்கிறார்கள். இனி மூக்குதான் வழி.

இந்தக் கட்டத்தில்தான் தெரியாமலே தவறான பாடம் சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். வெறுங்கையால் எடுத்து, நடந்துபோய் வைத்துவிட்டு வந்த கொம்பில் மனித வாடைதான் தூக்கலாக இருக்கும். நாய் கெட்டிக்காரப் பிராணி. எசமானின் காலடித் தடத்தையே பிடித்துக்கொண்டு போய் எடுத்து வந்துவிடும். உண்மையான தேடலில் அந்தத் தடம் இருக்காது. அதனால் கையுறை போட்டுக்கொண்டு, கொம்பை எட்ட வீசிவிட்டு, சில மணி நேரமாவது விட்டுவைக்க வேண்டும். புதிதாக உதிர்ந்த கொம்பின் அடிப்பகுதியில் ரத்தமும் திசுவும் ஒட்டியிருக்கும். அந்த வாடையைத்தான் நாய் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். காற்று கொம்பிலிருந்து நாயை நோக்கி வீசும்படி அழைத்துப்போனால், தலையைச் சட்டென்று திருப்பி, மூக்கை உயர்த்தி, வளைந்து வளைந்து நெருங்குவதைப் பார்க்கலாம்.

மெனக்கெட்டால் லாப்ரடார் போன்ற ஒரு நாய்க்கு இவ்வளவையும் சொல்லிக்கொடுத்துவிடலாம். கடினமான பாடம் வேறு: மானை விரட்டாமல் இருப்பது. குளிர்காலக் கடைசியில் மான் உயிர் வாழ்வது உடலில் மிஞ்சிய கொழுப்பைக் கொண்டுதான். பனியில் ஒவ்வொரு ஓட்டமும் அந்தக் கையிருப்பைக் கரைக்கிறது. சினை மானுக்கு வயிற்றுக் குட்டியின் பங்கும் அதில்தான் இருக்கிறது. அதனால் வயோமிங் மாநிலத்தில், கண்ட நீர்ப்பிரிமேட்டுக்கு மேற்கே பெரும்பாலான பொது நிலங்களில் ஜனவரி 1 முதல் ஏப்ரல் 30 வரை கொம்பு பொறுக்கவே தடை. யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் எந்த மாதத்திலும் எடுக்க முடியாது.

சட்டம் எதையும் சொல்லாத இடங்களிலும் மந்தை குளிர்கால மேய்ச்சலை விட்டுப் போகும்வரை காத்திருக்க வேண்டும் என்பேன். எத்தனை கொம்பு கண்டுபிடித்தாலும், மானைக் கண்டு ஓடும்போது கூப்பிட்டால் திரும்பாத நாய்க்குப் பயிற்சி முடியவில்லை. ஆள் நடமாட்டமும் பிற விலங்குகளும் உள்ள இடங்களில் நீளக் கயிற்றில் வைத்து, கூப்பிட்ட குரலுக்குத் திரும்பப் பழக்கிய பிறகே அவிழ்த்துவிட வேண்டும். தேடும்போது மான் கண்ணில் பட்டால் கயிற்றைப் பூட்டிக்கொண்டு வந்த வழியே திரும்பிவிட வேண்டும். கொம்பு எங்கும் போகாது.